தீவுக்குப் பெட்டி கட்டுகிறீர்களா? இதெல்லாம் தெரியுமா?

3,73,000 டூத் பிரஷ்! 9,77,000 செருப்பும் ஷூவும்! எந்த மாநகரத்து மொத்தக் கடையின் இருப்புக் கணக்கு என்று யோசிக்கிறீர்களா? கடையே இல்லை. சுமார் அறுநூறு பேர் மட்டும் வாழும் ஒரு தீவுக்கூட்டத்தின் கடற்கரையில் ஒதுங்கிக் கிடக்கும் குப்பை அது!

இந்தியப் பெருங்கடலில் ஆஸ்திரேலியாவுக்குச் சொந்தமாக கோகோஸ் கீலிங் என்று 27 குட்டித் தீவுகள் இருக்கின்றன. அவற்றில் இரண்டே இரண்டில்தான் மக்கள் வசிக்கிறார்கள். ஜெனிஃபர் லாவர்ஸ் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவும் அங்குள்ள மணலை இடம் இடமாக அளந்து, தோண்டி, எண்ணி 2019இல் வெளியிட்ட மதிப்பீடு என்ன தெரியுமா? மொத்தம் 41 கோடியே 40 லட்சம் குப்பைத் துண்டுகள், எடை 238 டன்! அந்தத் தீவுக்காரர்கள் தாங்களே இவ்வளவு குப்பை சேர்க்க வேண்டுமென்றால் சுமார் 4,000 ஆண்டுகள் ஆகுமாம். அத்தனையும் கடல் எங்கெங்கிருந்தோ கொண்டுவந்து கொட்டியது! இன்னும் கேளுங்கள். கண்ணுக்குத் தெரிவது கொஞ்சம்தான். மணலுக்குக் கீழே 10 செ.மீ. ஆழத்துக்குள் புதைந்து கிடப்பது, மேலே தெரிவதைப் போல 26 மடங்கு!

இதில் என்னை உலுக்கியது அந்த பிரஷ்ஷும் செருப்பும்தான். ஊருக்குக் கிளம்பும்போது நாம் பெட்டிக்குள் முதலில் தேடி வைப்பது அவற்றைத்தானே? தீவிலும் குப்பைத்தொட்டி உண்டு. ஆனால் தொட்டி நிறைந்தால் கொண்டுபோய்க் கொட்ட 'ஊருக்கு வெளியே' என்று ஓர் இடம் கிடையாது. தீவில் ஊருக்கு வெளியே என்றாலே கடல்தான். ஆகவே தீவுக்குப் போகிறவர்கள் குப்பையைக் குறைக்க வேண்டிய இடம் கடற்கரை அல்ல, வீட்டில் கட்டிலின் மேல் திறந்து வைத்திருக்கும் பெட்டி!

நம் ஊரில் தீவு என்றால் முதலில் வாயில் வரும் பெயர் அந்தமான். சென்னையில் விமானம் ஏறினால் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல், கப்பல் என்றால் ஏறக்குறைய மூன்று நாள். 2024இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய போர்ட் பிளேரில் இறங்கி, அங்கிருந்து படகில் ஸ்வராஜ் தீவுக்குப் போகலாம். பழைய ஹேவ்லாக்தான் அது. அங்கே இருக்கும் ராதாநகர் கடற்கரையை 2004இல் டைம் இதழ் ஆசியாவிலேயே சிறந்தது என்று புகழ்ந்தது. 2020இல் நீலக்கொடி சான்று பெற்ற முதல் எட்டு இந்தியக் கடற்கரைகளில் அதுவும் ஒன்று. அந்தமானை நீங்கள் ஏற்கெனவே சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறீர்கள், தெரியுமா? பழைய சிவப்பு 20 ரூபாய் நோட்டைத் திருப்பிப் பாருங்கள். தென்னை மரங்கள், கடல், தூரத்தில் ஒரு கலங்கரை விளக்கம். போர்ட் பிளேருக்கு எதிரே ஹாரியட் மலையிலிருந்து தெரியும் அதே காட்சி!

அந்தமானுக்குத் தெற்கே உள்ள கிரேட் நிக்கோபார் தீவின் கடற்கரைகளில் ஒதுங்கிய பிளாஸ்டிக் பாட்டில்களின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று ஆய்வாளர்கள் படித்துப் பார்த்து, 2020இல் எழுதினார்கள். சுமார் 40 சதவீதம் மலேசியாவிலிருந்து வந்தவை! அடுத்து இந்தோனேசியா, தாய்லாந்து. இந்தியப் பாட்டில்கள் இரண்டு சதவீதம் சொச்சம்தான். 'அப்படியானால் தப்பு நம்முடையது இல்லையே' என்று மூச்சு விட்டுவிடாதீர்கள். கடலுக்கு பாஸ்போர்ட் கிடையாது. அங்கிருந்து இங்கே வருவதுபோல, இங்கிருந்து போவது இன்னொருவர் கரையில் ஒதுங்கிக்கொண்டிருக்கும்.

அந்த வெள்ளை மணல் எங்கிருந்து வருகிறது தெரியுமா? இதைக் கேட்டால் மணலில் கால் வைக்கும்போதே சிலிர்க்கும். பவளப்பாறைகளில் கிளிமீன் என்று ஒரு மீன். கிளியின் அலகு போலவே வாய். அதன் வேலையே பாறையைச் சுரண்டிப் பாசியைத் தின்பதுதான். பாசியோடு சேர்த்துப் பவளத்தையும் கடித்து, தொண்டைக்குள் இருக்கும் பற்களால் மாவாக அரைத்து, செரித்தது போக மிச்சத்தைப் பின்பக்கமாக வெளியேற்றிவிடும். அதுதான் மணல்! மாலத்தீவின் வக்காரு என்ற தீவில் 2015இல் கணக்கெடுத்தார்கள். அங்கே தீவைக் கட்டி எழுப்பும் மணலில் 85 சதவீதத்துக்கு மேல் கிளிமீன்களின் உழைப்பு! மீன் அரைத்துப் போட்ட மணலில் தீவு நிற்கிறது, அந்த மணலுக்குள் நம் பிரஷ் புதைகிறது.

இப்போது நண்டு. இந்தக் கட்டுரை முழுவதையும் மறந்தாலும் இதை மறக்க முடியாது உங்களால்.

அந்தமான் கடற்கரையில் அந்தி சாய்ந்ததும் சங்குகளும் நத்தை ஓடுகளும் தாமாகவே நடக்கத் தொடங்கும். குனிந்து பார்த்தால் ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு நண்டு. துறவி நண்டு என்றும் சங்கு நண்டு என்றும் சொல்வார்கள். அதற்கு முன்பாதிதான் கெட்டி. வயிறு மெத்தென்று, ஓடில்லாமல், ஒரு பக்கம் சுருண்டிருக்கும். அதனால் செத்த நத்தையின் காலி ஓட்டுக்குள் வயிற்றைச் செருகிக்கொண்டு, அதைச் சுமந்தபடியே வாழ்கிறது. உடம்பு வளர்ந்தால்? வேறு ஓடு தேட வேண்டும். அங்கேதான் அதிசயம்! பெரிய ஓடு ஒன்று கரை ஒதுங்கினால் நண்டுகள் அதைச் சுற்றிக் கூடி, பெரியதிலிருந்து சிறியது வரை வரிசை கட்டி நிற்கும். முதல் நண்டு புது ஓட்டுக்குள் தாவும். அது விட்டதில் இரண்டாவது, இரண்டாவது விட்டதில் மூன்றாவது என்று கண் மூடித் திறப்பதற்குள் மொத்த வரிசையும் வீடு மாறிவிடும். காலி வீட்டுக்காகக் காத்திருந்து, பெரிய குடும்பம் கிளம்பியதும் அடுத்தடுத்த குடும்பங்கள் சாமானோடு குடியேறும் அரசுக் குடியிருப்பு போலத்தான்!

சரி, காலி ஓடு கிடைக்காவிட்டால்? போலந்து ஆய்வாளர்கள் இணையத்தில் மக்கள் போட்ட புகைப்படங்களை அலசி 2024இல் ஒரு கணக்குச் சொன்னார்கள். செயற்கைப் பொருளை ஓடாக மாட்டிக்கொண்ட 386 துறவி நண்டுகள்! பெரும்பாலானவற்றின் முதுகில் பிளாஸ்டிக் மூடி! உலகத்தில் நிலத்தில் வாழும் துறவி நண்டு வகைகள் 16. அதில் 10 வகைகள் இப்படி மாட்டிக்கொண்டிருக்கின்றன. பாட்டிலைக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு மூடியை மணலில் நழுவவிட்டால் போதும், ஒரு நண்டு அதை வீடு என்று நம்பி வயிற்றைச் செருகிவிடுகிறது.

இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. வாய் திறந்து சாய்ந்து கிடக்கும் பாட்டிலுக்குள் ஒரு நண்டு நுழைகிறது. உள்ளே வழுவழுப்பு, ஏறி வர முடியவில்லை. பட்டினியிலும் வெப்பத்திலும் செத்துப்போகிறது. ஒரு நண்டு செத்தால் அதன் வாசனை மற்ற நண்டுகளுக்கு 'இங்கே ஓர் ஓடு காலி' என்ற செய்தி! அந்த வாசனையைப் பிடித்து அடுத்த நண்டு வருகிறது, அதுவும் விழுகிறது, அது செத்த வாசனைக்கு இன்னொன்று. ஒரே ஒரு டப்பாவுக்குள் 526 நண்டுகள் கிடந்தன! கோகோஸ் கீலிங்கிலும் பசிபிக்கில் ஆளே இல்லாத ஹெண்டர்சன் தீவிலும் இப்படி ஆண்டுக்குச் சுமார் 5,70,000 துறவி நண்டுகள் மாட்டிச் சாவதாக லாவர்ஸ் குழு கணித்தது. வீடு தேடி வந்த உயிரை வீடே கொல்வதை என்னால் சாதாரணமாக எழுதிவிட்டுப் போக முடியவில்லை.

ஆகவே பெட்டியில் முதல் இடம் தண்ணீர் பாட்டிலுக்கு. எவர்சில்வர் பாட்டில்! அந்த உலோகம் எப்படிக் கிடைத்தது தெரியுமா? 1913இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரத்தில் ஹாரி பிரேர்லி என்பவர் துப்பாக்கிக் குழாய் தேயாமலிருக்க ஒரு நல்ல எஃகு தேடிக்கொண்டிருந்தார். குரோமியம் கலந்து செய்த ஒரு துண்டு மட்டும் துருப்பிடிக்காமல் பளபளத்தது. துப்பாக்கிக்காகத் தேடியது நம் வீட்டுத் தூக்குவாளியாகவும் டம்ளராகவும் வந்து சேர்ந்துவிட்டது!

அதற்கு எதிரில் நிற்கும் பெட் பிளாஸ்டிக் பாட்டிலின் கதையும் சுவாரசியம்தான். அதைக் கண்டுபிடித்த நத்தானியேல் வைத், அமெரிக்காவின் புகழ்பெற்ற ஓவியர் ஆண்ட்ரூ வைத்தின் அண்ணன். சோடாவைப் பிளாஸ்டிக்கில் ஏன் அடைக்கக் கூடாது என்று யோசித்தவர், சோப்புத் திரவப் பாட்டில் ஒன்றைக் கழுவி அதில் ஜிஞ்சர் ஏல் ஊற்றி ஃபிரிட்ஜில் வைத்தார். பாட்டில் ஊதிப்போய் அடுக்குகளுக்கு நடுவே சிக்கிக்கொண்டது! அங்கே தொடங்கிய ஆராய்ச்சி 1973இல் காப்புரிமையில் முடிந்தது. அப்படியென்றால் பெட் பாட்டிலுக்கு வயது ஐம்பது சொச்சம்தான். அது மக்க நூற்றுக்கணக்கான ஆண்டுகள் ஆகும் என்பதெல்லாம் மதிப்பீடு. மக்கி முடிந்த ஒரு பாட்டிலைப் பார்த்த மனிதர் இன்னும் பிறக்கவில்லை!

விமான நிலையத்தில் காலி பாட்டிலை யாரும் தடுப்பதில்லை. சோதனை முடிந்து உள்ளே போனதும் குடிநீர்க் குழாயில் பிடித்துக்கொள்ளுங்கள். கூடவே ஒரு எவர்சில்வர் டம்ளரும் வரட்டும். காகிதக் கப் காகிதம்தானே என்று நினைக்கிறோம். உட்புறம் மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு இல்லாவிட்டால் டீ ஒழுகிவிடும்! கரக்பூர் ஐஐடி ஆய்வாளர்கள் 2020இல் சொன்னது: சூடான பானம் ஊற்றிய காகிதக் கப்பில், ஒரு டீ குடிக்கும் 15 நிமிடத்துக்குள், 100 மி.லி.யில் 25,000 நுண்பிளாஸ்டிக் துகள்கள் கலந்துவிடுகின்றன. டீக்கடைக்காரரிடம் டம்ளரை நீட்டினால் மறுக்கவா போகிறார்?

அடுத்து மஞ்சப்பை. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை, 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் என்று நமக்கு இது பழகிய கதை. ஆனால் கேரி பேக் பிறந்த கதை தெரியுமா? ஸ்வீடனில் ஸ்டென் குஸ்தாஃப் துலின் என்ற பொறியாளர் ஒற்றைத் துண்டாக, கைப்பிடியோடு ஒரு பிளாஸ்டிக் பையை வடிவமைத்தார். 1965இல் காப்புரிமை. எதற்காகச் செய்தார்? காகிதப் பைக்காக மரங்களை வெட்டுகிறார்களே, அதைக் குறைக்கத்தான்! ஒரே பையைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவார்கள் என்று அவர் நம்பினார். தானும் ஒன்றை மடித்துச் சட்டைப்பையில் வைத்திருப்பாராம். நல்ல மனதோடு செய்தது எங்கே போய்ச் சேர்ந்தது என்று பாருங்கள். உலகத்திலேயே ஆழமான மரியானா அகழியில், ஏறத்தாழ 10,900 மீட்டர் ஆழத்தில், ஒரு பிளாஸ்டிக் பை கிடந்ததை 2018இல் ஜப்பானிய ஆய்வு நிறுவனம் தன் படத் தொகுப்பிலிருந்து வெளியிட்டது. எவரெஸ்ட்டையே உள்ளே இறக்கினாலும் மூழ்கிவிடும் ஆழம் அது!

மிதக்கும் பையை ஆமைகள் சொறிமீன் என்று நினைத்து விழுங்குகின்றன என்பதைக் கேட்டிருப்பீர்கள். அந்த ஆமை எப்பேர்ப்பட்ட பயணி என்று தெரியுமா? லிட்டில் அந்தமான் தீவில் முட்டையிட வந்த தோணியாமைகளின் முதுகில் இந்திய ஆய்வாளர்கள் செயற்கைக்கோள் கருவி பொருத்தி அனுப்பினார்கள். சில ஆஸ்திரேலியப் பக்கம் போயின. ஒன்று 13,000 கி.மீ.க்கு மேல் நீந்தி ஆப்பிரிக்காவின் மொசாம்பிக் வரை போனது! அவ்வளவு தூரமும் சொறிமீனைத் தின்றே நீந்துகிற உயிர், வழியில் எத்தனை பைகளைத் தாண்டிப் போயிருக்கும்!

குளியலறைச் சாமானுக்கு வருவோம். ஷாம்பூ பாக்கெட்டைக் கிழித்து, தலையில் தேய்த்து, மூலையில் வீசும் பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு. இந்தியா முழுக்க ஷாம்பூவைக் குட்டிப் பாக்கெட்டில் விற்கும் வழியைக் காட்டியது யார் தெரியுமா? நம் கடலூர்! சின்னிகிருஷ்ணன் என்ற தொழில்முனைவர், பணக்காரர் வாங்குவதை ஏழையும் வாங்க வேண்டும் என்ற நினைப்பில் சின்னப் பாக்கெட்டுகளைச் செய்து பார்த்தார். அவர் பிள்ளைகள் எண்பதுகளில் அதைப் பெரும் வணிகமாக்கினார்கள். சில்லறைக் காசில் ஷாம்பூ கிடைத்தது சாதனைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பாக்கெட் பல அடுக்குப் படலம். பிரித்தெடுத்து மறுசுழற்சி செய்வது பெரும்பாடு. தீவுக்கு அது வேண்டாம். ஒரு சம்புடத்தில் சீயக்காய்த் தூள், ஒரு துணியில் சுற்றிய குளியல் சோப்பு போதும். ஷாம்பூ பயணத்தில் கசிந்து துணியை நனைக்குமே என்ற கவலையும் இல்லை!

பிரஷ்? 1938க்கு முன் அமெரிக்காவில்கூட டூத் பிரஷ்ஷின் முடி பன்றி முடி. அந்த ஆண்டுதான் நைலான் முடியோடு முதல் பிரஷ் கடைக்கு வந்தது. இன்று மூங்கில் பிரஷ் என்று விற்பதில்கூடப் பெரும்பாலும் கைப்பிடிதான் மூங்கில், முடி நைலானே. என் கருத்தைக் கேட்டால், இருக்கிற பிரஷ்ஷையே எடுத்துப் போங்கள், அதையே திரும்பக் கொண்டு வாருங்கள். விடுதியில் இலவசமாக வைத்திருக்கும் புது பிரஷ்ஷின் உறையைப் பிரிக்காமல் இருப்பதுதான் முக்கியம். சின்ன டப்பாவில் பல்பொடி இருந்தால் பேஸ்ட் குழாயும் மிச்சம்.

பட்ஸ், வெட் வைப்ஸ், சூயிங்கம் மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். இந்தோனேசியக் கடலில் ஒரு குட்டிக் கடல்குதிரை, காது குடையும் பட்ஸ் குச்சியை வாலால் கட்டிப் பிடித்துக்கொண்டு மிதக்கும் படம் 2017இல் உலகத்தையே உலுக்கியது. கடல்குதிரை எதையாவது பற்றிக்கொண்டு நீரோட்டத்தில் போவதுண்டு. புல் கிடைக்கும் இடத்தில் அதற்குக் கிடைத்தது பட்ஸ்! பிளாஸ்டிக் குச்சி வைத்த பட்ஸ் 2022 ஜூலை முதல் இந்தியாவில் தடை. லண்டன் தேம்ஸ் ஆற்றில் வெட் வைப்ஸ் சேர்ந்து சேர்ந்தே, இரண்டு டென்னிஸ் மைதான அளவுக்கு ஒரு திட்டு உருவாகியிருந்தது! காரணம், அவற்றில் பலவும் துணி அல்ல, பாலியெஸ்டர். சூயிங்கத்தில் நாம் மெல்லும் அந்தப் பசையும் பெரும்பாலும் பிளாஸ்டிக் குடும்பத்துச் சரக்கே. விமானத்தில் காது அடைத்தால் கோவில்பட்டிக் கடலைமிட்டாயைக் கடியுங்கள், 2020இல் புவிசார் குறியீடு பெற்ற பெருமையோடு!

பெண்களுக்கு ஒரு செய்தி. நாப்கினில் பெரும்பகுதி பிளாஸ்டிக் என்பது பலருக்குத் தெரியாது. தீவு விடுதிக் கழிப்பறையில் அதை அப்புறப்படுத்துவது விடுதிக்காரருக்கும் தலைவலி. மாதவிடாய்க் கப் புதுமோஸ்தர் என்று தயங்குகிறீர்களா? லியோனா சால்மர்ஸ் என்ற அமெரிக்க நடிகை 1937லேயே அதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார்! கொச்சிக்கு அருகே கும்பளங்கி என்ற தீவுக் கிராமம், 2022 ஜனவரியில் நாட்டின் முதல் நாப்கின் இல்லா ஊராட்சி என்று அறிவிக்கப்பட்டது. ஆனால் பயணத்தின்போதுதான் முதன்முதலாக முயன்று பார்ப்பது என்று வைத்துக்கொள்ளாதீர்கள். இரண்டு மூன்று மாதம் முன்பே வீட்டில் பழகிக்கொள்ளுங்கள்.

செருப்புக்கு வருகிறேன், இது தனிக் காவியம். சீஷெல்ஸ் நாட்டின் அல்டாப்ரா தீவில் ஒரு லட்சத்துக்கு மேல் ராட்சத ஆமைகள் வாழ்கின்றன, மனிதர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். 2019இல் தன்னார்வலர்கள் ஐந்து வாரம் பாடுபட்டு அங்கே 25 டன் குப்பை அள்ளினார்கள். அப்படியும் 500 டன்னுக்கு மேல் மிச்சம் என்று கணக்கிட்டார்கள். எடையில் பெரும்பகுதி மீன்பிடி வலையும் கயிறும்தான், உல்லாசப் பயணிகளை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் கரையில் கிடக்கும் செருப்பு மட்டும் எத்தனை? 3,60,000! அதையே திருப்பிப் போட்டார்கள் கென்யாவின் லாமு தீவுக்காரர்கள். கரை ஒதுங்கிய பிளாஸ்டிக் 10 டன்னையும் 30,000 செருப்புகளையும் சேர்த்து, பாரம்பரியத் தச்சர்களின் கைவண்ணத்தில் 9 மீட்டர் நீளப் பாய்மரப் படகே செய்துவிட்டார்கள்! பல வண்ணத்தில் மின்னும் அந்த 'ஃபிளிப்ஃபிளாப்பி' 2019 ஜனவரியில் லாமுவிலிருந்து சான்சிபார் வரை சுமார் 500 கி.மீ. கடலில் ஓடியது! நமக்குப் படகு கட்டத் தெரியாவிட்டாலும் வார் தைக்கத் தெரிந்தவர் தெருமுனையில் இருக்கிறார். பீச்சுக்கென்று புதுசாக மலிவு விலைச் செருப்பு வாங்காமல், இருப்பதைத் தைத்து எடுத்துப் போங்கள். மணலில் வார் அறுந்த செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு யாரும் நடப்பதில்லை.

துணியும் பிளாஸ்டிக்தான், தெரியுமா? பாலியெஸ்டர், நைலான், அக்ரிலிக் எல்லாம் நூலாக இழுத்த பிளாஸ்டிக். இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழகம் 2016இல் சொன்னது: ஆறு கிலோ அக்ரிலிக் துணியை ஒரு தடவை மெஷினில் துவைத்தால் ஏழு லட்சம் நுண்ணிழைகள் வரை தண்ணீரில் போகலாம்! காசித்துண்டு இருக்க வேறு துண்டு எதற்கு? பாதி இடம்தான் அடைக்கும், கடற்காற்றில் சீக்கிரமே காய்ந்துவிடும். முழுக்கைப் பருத்திச் சட்டையும் அகலத் தொப்பியும் இருந்தால் சன்ஸ்கிரீன் பாதி போதும். அதுவும் சாதாரண விஷயமில்லை. பவளத்தின் குஞ்சுகளுக்கு ஆக்சிபென்சோன் போன்ற ரசாயனங்கள் கேடு என்று ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டியதால், பசிபிக்கின் பலாவ் நாடு 2020 ஜனவரி 1 முதல் அவை கலந்த சன்ஸ்கிரீனையே தடை செய்துவிட்டது! ஹவாய் 2021இல் பின்தொடர்ந்தது. பலாவில் இறங்குகிறவர் பாஸ்போர்ட்டில் ஓர் உறுதிமொழி முத்திரை குத்தப்படும். அந்நாட்டுக் குழந்தைகளுக்குக் கொடுக்கும் வாக்கு அது. கையெழுத்துப் போட்டால்தான் உள்ளே போகலாம்! வாங்குவதென்றால் துத்தநாக ஆக்சைடு கலந்ததாக, தகர டப்பியில் வருவதாகப் பார்த்து வாங்குங்கள்.

வழிக்குத் தீனி? புளிசாதம் வாழை இலையில், முறுக்கும் அதிரசமும் பனையோலைப் பெட்டியில். ஓலைப் பெட்டிக்குள் காற்று புகுந்து வெளியேறுவதால் பலகாரம் வியர்க்காது. படகில் குமட்டினால் காகிதத்தில் மடித்த இஞ்சி மொரப்பா. ஸ்ட்ரா கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். காகித ஸ்ட்ரா ஒன்றும் புதிதல்ல. 1888இல் அமெரிக்காவின் மார்வின் ஸ்டோன் காப்புரிமை பெற்றார். பிளாஸ்டிக் அதற்குப் பல காலம் பின்னால் வந்தது! ஸ்வராஜ் தீவில் இளநீர் சீவிக் கொடுப்பார்கள். அண்ணாந்து குடிக்க நமக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

எல்லாம் எடுத்து வைத்தாயிற்றா? எடுத்து வரக் கூடாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பவளம்! செத்துக் காய்ந்த துண்டாக இருந்தாலும் அந்தமானிலிருந்து கொண்டுவரக் கூடாது. விமான நிலையத்தில் பெட்டியைத் திறக்கச் சொல்லிப் பிடுங்கிவிடுவார்கள். பாறை கட்டும் பவளம் நம் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, தெரியுமா? புலி இருக்கும் அதே அட்டவணை! கரையில் கிடக்கும் காலிச் சங்கையும் விட்டுவிட்டு வாருங்கள். அதற்காக ஒரு வரிசையே காத்திருக்கிறது.

இதில் எதற்கும் புதிதாகப் பணம் செலவழிக்கத் தேவையில்லை என்பதைக் கவனித்தீர்களா? 'இயற்கைப் பயணக் கிட்' என்று ஆயிரக்கணக்கில் விற்பதை வாங்கினால் அதுவும் ஒரு பார்சல், அதற்கும் ஒரு பிளாஸ்டிக் உறை. சம்புடம், டம்ளர், துண்டு, மஞ்சப்பை எல்லாம் நம் வீட்டு அலமாரியிலேயே இருக்கின்றன. வீட்டில் ஏற்கெனவே இருக்கும் பிளாஸ்டிக் டப்பாவைத் தூக்கி எறிந்துவிட்டுப் புது டப்பா வாங்குவதைவிட, அந்த டப்பாவையே பத்து வருஷம் பயன்படுத்துவது மேல். மாத்திரை அட்டை இல்லாமல் பயணம் கிடையாது, அதற்காக வருந்தாதீர்கள். அத்தியாவசியம் எது, பழக்கதோஷம் எது என்று பிரித்துப் பார்த்தால் போதும்.

கிளம்புவதற்கு முன் விடுதிக்கு ஒரு போன் போடுங்கள். 'வடிகட்டிய தண்ணீர் பிடித்துக்கொள்ள வசதி உண்டா? அறையில் பிளாஸ்டிக் பாட்டில் வைக்காமல் இருக்க முடியுமா?' என்று கேளுங்கள். போர்ட் பிளேரில் தமிழ் பேசுகிறவர்கள் நிறைய, தமிழிலேயே கேட்டுப் பாருங்கள். நாலு பேர் கேட்டால் ஐந்தாவது ஆளுக்கு அவர்களே ஏற்பாடு செய்து வைப்பார்கள். திரும்பும் பெட்டியில் ஒரு மூலையைக் காலியாக விடுங்கள். தீர்ந்த பேட்டரி, காலியான மாத்திரை அட்டை, சன்ஸ்கிரீன் டப்பி, பிள்ளைகள் அடம்பிடித்து வாங்கித் தின்ற சிப்ஸ் உறை எல்லாம் உங்களோடு விமானம் ஏறி ஊருக்கே வந்து சேரட்டும்.